ஸ்டார்ட்அப்பின் முதல் ஊழியர்களை இணையக் குழுக்களில் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார்ட்அப் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி பணத்தைப் பற்றி, மீதி ஆளைப் பற்றி. பணத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு சிறு நிறுவனங்களில் முதல் பத்துப் பேரில் பெரும்பாலோரை இணையக் குழுக்கள் வழியாகவே எடுத்தவன் என்பதால், ஆளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவையும் உண்டு.

இணையக் குழு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே தொழிலையோ ஒரே ஆர்வத்தையோ சேர்ந்தவர்கள் கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் அவ்வப்போது சண்டை போட்டும் புழங்குகிற எந்த இடமும் குழுதான். வாட்ஸ்அப், டெலிகிராம், ஸ்லாக், டிஸ்கார்ட், ரெட்டிட் எல்லாம் இதில் சேரும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு திறமூல மென்பொருளைச் சுற்றிக் கூடியிருக்கிறவர்களையும் நான் குழுவாகவே கணக்கில் எடுப்பேன். வேலைவாய்ப்புத் தளத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட இரண்டு பக்கம். குழுவில் அவர் வேலை தேடாத நாளில் எப்படி இருக்கிறார் என்பதைப் பார்க்கலாம். இங்கே தேடுவதற்கான காரணமே அந்த வேறுபாடுதான்.

முதல் பத்துப் பேருக்கு ஏன் இந்த வழி? நண்பர்களிடம் கேட்டால் போதாதா?

முதலில் நண்பர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் உங்களுக்கும் தெரிந்தவர்களே. அந்தக் கிணறு சீக்கிரம் வற்றிவிடும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதைத்தான் பேசியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ‘அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது என்றவர்கள் பாதிக்கு மேல். மிக அரிதாக என்றவர்களே கால் பங்குக்கு மேல் இருந்தார்கள். அவர் கேட்டது சிறிய எண்ணிக்கையிலான ஆட்களிடம்தான். ஆனால் 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வும் ஏறக்குறைய அதே பக்கம்தான் சாய்ந்தது: மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத இடைப்பட்ட தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

இணையக் குழுவில் உங்களுக்கு வாய்ப்பதெல்லாம் இந்த இடைப்பட்ட தொடர்புகள். பெயர் தெரியும், எழுத்து தெரியும், முகம் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. பெயர் தெரியாத நிறுவனத்துக்கு நல்ல ஊழியர் தானாக விண்ணப்பிப்பதில்லை. ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு ஓரிடத்தில் இருப்பார். ‘வேலை தேடுகிறேன்’ என்று எங்கும் எழுதாத அவர், தன் தொழில் பேசப்படும் குழுவில் மட்டும் தினமும் எட்டிப் பார்ப்பார்.

இது புதிய வழியா?

இல்லவே இல்லை. 1994 ஆகஸ்டில், இணையத்தின் ஆரம்பக்கால விவாத மேடையான யூஸ்நெட்டின் செய்திக்குழுக்களில் ஒரு வேலை அறிவிப்பு வந்தது. சி நிரல்மொழியிலும் யூனிக்ஸ் இயங்குதளத்திலும் தேர்ந்த நிரலாளர்கள் வேண்டும், நிறுவனத்தில் பங்கும் தரப்படும் என்றது அது. அனுப்பியவர் ஜெஃப் பெசோஸ். அமேசான் என்ற பெயர்கூட அப்போது வைக்கப்படவில்லை. வேலை சியாட்டில் பகுதியில் என்பதையும் அறிவிப்பு ஒளிக்காமல் சொன்னது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீதியும் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் முதல் ஊழியரான ஷெல் காஃபன் வந்து சேர்ந்தது இருவருக்கும் தெரிந்த ஒருவரின் அறிமுகத்தின் வழியாக. அறிவிப்பு ஒரு பக்கம் போனாலும், முதல் ஆளைக் கொண்டுவந்தது அறிமுகம்தான். இன்றைக்கும் என் அனுபவம் இதுவே: குழுவில் போட்ட பதிவைப் பார்த்து நேராக வந்தவர்களைவிட, அதைப் பார்த்த ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி வந்தவர்கள்தான் அதிகம்.

எந்தக் குழுவில் தேடுவது?

‘ஸ்டார்ட்அப்’ என்று பெயரிலேயே இருக்கும் குழுக்களை முதலில் விலக்குங்கள். அங்கே நிறுவனர்களும் ஆலோசகர்களும் சேவை விற்கிறவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊழியராக வரக்கூடியவர் அங்கே குறைவு.

தேவைப்படும் திறன் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். தரவுத்தளப் பொறியாளர் வேண்டுமென்றால், நீங்கள் பயன்படுத்தும் அதே தரவுத்தளத்தின் உதவிக் குழு. வடிவமைப்பாளர் வேண்டுமென்றால், வடிவங்களைப் போட்டுக் கருத்துக் கேட்கும் குழு. வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் வேண்டுமென்றால், உங்கள் பொருளின் பயனர் குழுவையே பாருங்கள். மற்ற பயனர்களின் சந்தேகத்தைச் சம்பளம் வாங்காமலே தீர்த்துவைக்கும் ஒருவர் அங்கே இருப்பார். இணையதளம் அமைக்க உதவும் வேர்டுபிரஸ் மென்பொருள் 2003இல் வந்தது. அதன் இணை நிறுவனர் மேட் முல்லன்வெக் 2005இல் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தைத் தொடங்கியபோது முதலில் சேர்ந்தவர்கள் அந்த மென்பொருளுக்கு ஏற்கெனவே நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

அளவும் முக்கியம். ஒரு டெலிகிராம் குழுவில் 2,00,000 பேர் வரை இருக்கலாம். அவ்வளவு பெரிய இடத்தில் உங்கள் பதிவு பத்து நிமிடத்தில் மேலே போய் மறைந்துவிடும். சில நூறு பேர் உள்ள, நிர்வாகி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற குழுதான் எனக்குப் பிடித்தது. 3 குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் உண்மையாகப் பங்கெடுக்க முடியாது. முடியும் என்று நினைத்து 14 குழுக்களில் சேர்ந்து எதையும் படிக்காமல் விட்டவன் நான்.

வேலை அறிவிப்புக்கென்றே தனி இடம் உள்ள குழுக்கள் உண்டா?

உண்டு. தொழில்நுட்பக்காரர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் மாதந்தோறும் முதல் வேலைநாளில் ‘யார் ஆள் எடுக்கிறீர்கள்?’ என்ற உரையாடல் இழை திறக்கும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான். நிறுவனத்தைச் சேர்ந்தவரே எழுத வேண்டும். ஆள்சேர்ப்பு முகமைகளுக்கு இடமில்லை. கூடவே ‘யாருக்கு வேலை வேண்டும்?’ என்று இன்னோர் இழையும் திறக்கும். புதிய நிறுவனர்கள் முதலாவதில் எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதை உட்கார்ந்து படித்து, பொருத்தமான நான்கு பேருக்கு மின்னஞ்சல் எழுதுவது பல நேரம் கூடுதல் பலன் தரும்.

ஸ்லாக், டிஸ்கார்டு குழுக்களில் பெரும்பாலும் வேலைகளுக்கென்று ஒரு தனி அறை இருக்கும். அங்கே மட்டும் போடுங்கள். ஸ்லாக்கின் இலவசக் கணக்கில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது. ஒருவரின் நல்ல பதிலைப் பார்த்தால் ‘பிறகு தேடிக்கொள்ளலாம்’ என்று விடாமல் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

சேர்ந்த அன்றே அறிவிப்புப் போடலாமா?

வேண்டாம். கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பந்தியில் போய் உட்காருவது போல அது. 2 மாதமாவது இருங்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அவசரம் என்றால் நிர்வாகிக்குத் தனியே எழுதி அனுமதி கேளுங்கள். கேட்டவர்களுக்கு மறுத்த நிர்வாகியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பை எப்படி எழுதுவது?

முதலில், எப்படி எழுதக் கூடாது என்பதற்கு என்னுடைய பழைய அறிவிப்பையே காட்டுகிறேன்:

‘வேகமாக வளர்ந்துவரும் ஸ்டார்ட்அப்பில் பணிபுரிய அரிய வாய்ப்பு. துடிப்பும் ஆர்வமும் பன்முகத் திறனும் கொண்ட மென்பொருள் வல்லுநர்கள் தேவை. தகுதிக்கேற்ற ஊதியம். விருப்பமுள்ளோர் தனிச்செய்தியில் தொடர்புகொள்ளவும்.’

இதற்கு 40 பேர் பதில் எழுதினார்கள். ஒருவரைக்கூட எடுக்க முடியவில்லை. அறிவிப்பில் ஒன்றுமே இல்லாததால், எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரியாமலே விண்ணப்பிக்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். தெரிந்து வரக்கூடியவர் இரண்டாவது வரியிலேயே விலகிப் போயிருப்பார்.

இப்போது, நான் திருத்திக் கொடுத்த ஒரு நிறுவனரின் அறிவிப்பு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்:

‘நாங்கள் மூன்று பேர். சிறு மருத்துவமனைகள் மருந்து இருப்பைக் கணக்கு வைப்பதற்கான மென்பொருள் செய்கிறோம். 11 மருத்துவமனைகள் பணம் கொடுத்துப் பயன்படுத்துகின்றன. இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் எங்கள் ஆண்ட்ராய்டு செயலி ஒரே பதிவை இரண்டு முறை ஏற்றிவிடுகிறது. இருப்பில் இல்லாத மருந்து இருப்பதாகக் காட்டுகிறது. நீங்கள் வந்ததும் முதல் வேலை அதைச் சரிசெய்வது. கையில் 14 மாதங்களுக்கான பணம் இருக்கிறது. எங்கிருந்தும் வேலை செய்யலாம். நாளில் 4 மணி நேரமாவது எங்களோடு ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். பங்கு 0.8 முதல் 1.2 சதவீதம். சம்பள வரம்பு கீழே. எழுதுகிறவள் நிறுவனர்களில் ஒருத்தி. கேள்விகளை இங்கேயே கேட்கலாம்.’

இதற்கு 6 பேர்தான் பதில் எழுதினார்கள். அவர்களில் 2 பேர், ‘ஒவ்வொரு பதிவுக்கும் செல்பேசியிலேயே ஓர் அடையாள எண் கொடுத்துவிட்டால் சர்வர் இரட்டைப் பதிவைத் தள்ளிவிடுமே, ஏன் செய்யவில்லை?’ என்று நேராக விஷயத்துக்கு வந்தார்கள். நேர்காணலின் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. ‘துடிப்பும் ஆர்வமும்’ என்று கேட்டுப் பெற முடியாததை ஒரு பழுதை வெளிப்படையாகச் சொன்னதால் அவர் பெற்றார்.

பழுதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று பல நிறுவனர்கள் அஞ்சுகிறார்கள். ரகசியம் எதையும் கொட்ட வேண்டாம். வாடிக்கையாளரின் பெயரோ தரவோ வெளியே போகக் கூடாது. ஆனால் எல்லாம் சரியாக ஓடுகிற இடத்துக்கு நாலாவது ஆள் எதற்கு என்று படிக்கிறவர் கேட்பாரே.

சம்பளத்தைக் கட்டாயம் எழுத வேண்டுமா?

ஆம். குறைவாக இருந்தாலும் எழுதுங்கள்.

பதிவு போட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழு செத்துவிட்டதா?

இருக்காது. இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் வெறுமனே படிப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுபவர்கள், 1 சதவீதம் பேரே தொடர்ந்து எழுதுபவர்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். எல்லாக் குழுவுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் மௌனமாக இருப்பவர்களே பெரும்பான்மை என்பதில் ஐயமில்லை. இப்போதைய முதலாளியும் அதே குழுவில் இருக்கும்போது யார்தான் ‘எனக்கு விருப்பம்’ என்று எல்லோர் முன்னும் எழுதுவார்? ஆகவே சத்தமில்லாமல் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். ‘உங்களுக்கு இல்லாவிட்டாலும் பொருத்தமான ஒருவரை அனுப்புங்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். 3 வாரம் கழித்து, அதே பதிவைத் திரும்ப ஒட்டாமல், இடையில் நடந்ததைச் சேர்த்து எழுதுங்கள்.

அப்படியும் நாளாகும். ஏர்பிஎன்பி நிறுவனர் பிரையன் செஸ்கி, தங்கள் முதல் பொறியாளரை எடுக்கவே நாலைந்து மாதம் ஆனது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் ஆள் கிடைக்கவில்லையே என்று குழுவைக் குறை சொல்லாதீர்கள்.

ஒருவரின் பதில்கள் பிடித்திருக்கின்றன. நேரடியாகத் தனிச்செய்தி அனுப்பலாமா?

அனுப்பலாம், குழுவின் விதி தடுக்காவிட்டால். ‘வணக்கம்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வரும், பலருக்கும் வரும். முழு விஷயத்தையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். அவர் எழுதியதில் எது உங்களை நிறுத்தியது என்று குறிப்பிடுங்கள். உதாரணமாக:

‘வணக்கம். கோப்பு அளவு கூடினால் தேடல் ஏன் மெதுவாகிறது என்று செவ்வாய்க்கிழமை நீங்கள் எழுதியிருந்ததை எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் படித்தோம். அதே சிக்கல் எங்களுக்கும் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் கொண்ட நிறுவனம், நாலாவது ஆளைத் தேடுகிறோம். விவரம் கீழே இருக்கிறது. உங்களுக்கு வேலை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை, நான் மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.’

கடைசி வரியை எழுதினால் அதைக் காப்பாற்றுங்கள். இரண்டாவது நினைவூட்டல் போன நிமிடமே நீங்களும் ஆள்பிடிக்கிறவர்களில் ஒருவராகிவிடுவீர்கள். குழுவில் அந்தப் பேச்சு பரவ அதிக நேரம் ஆகாது.

குழுவில் நன்றாக எழுதுகிறவர் நன்றாக வேலையும் செய்வாரா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக விலை கொடுத்தேன்.

முதல் நிறுவனத்தில், ஒரு குழுவில் நாளுக்கு இருபது பதிவு எழுதும் ஒருவரை எடுத்தோம். எந்தக் கேள்வி வந்தாலும் முதல் பதில் அவருடையது. நகைச்சுவை உண்டு, தெளிவு உண்டு, எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். 4 மாதத்தில் அவர் முடித்துக்கொடுத்த வேலை இரண்டு. கெட்டவர் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்வதில் கிடைக்கும் உடனடி மகிழ்ச்சி, மூன்று வாரம் ஒரே சிக்கலோடு தனியாக மல்லுக்கட்டுவதில் அவருக்குக் கிடைக்கவில்லை. நாளுக்கு இருபது பதிவு எழுதுகிறவருக்கு வேலை செய்ய நேரம் ஏது என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது நிறுவனத்தில் வேறு மாதிரி பார்த்தேன். ஒருநாள் காலை ஒரு தரவுத்தளக் குழுவில், தன் சர்வர் விழுந்துவிட்டது என்று ஒருவர் பதறி எழுதியிருந்தார். ஐந்தாறு பேர் ஆளுக்கொரு யோசனை வீசினார்கள். ஒருத்தி மட்டும் மூன்று விஷயம் கேட்டாள்: எந்தப் பதிப்பு, பிழைச்செய்தியின் முழு வரி என்ன, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எதை மாற்றினீர்கள். பதில் வந்ததும், ‘நினைவகம் போதாமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன், உறுதியில்லை, மாலையில் என் கணினியில் செய்து பார்க்கிறேன்’ என்று எழுதினாள். மாலையில் வந்தாள். ‘நான் நினைத்தது தவறு. நினைவகத்தில் சிக்கல் இல்லை, பதிவுக்கோப்புகள் வட்டை நிரப்பிவிட்டன. இப்படிச் செய்தால் சரியாகிறது.’ மூன்றே வரி. அதற்கு விருப்பக்குறி போட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். 5 மாதம் கழித்து அவர் எங்கள் மூன்றாவது ஊழியராக வந்தார். (குழுவில் பார்த்த நாளை நினைக்கும்போது மட்டும் என் எழுத்தில் ‘அவள்’ ஆகிவிடுகிறார், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘அவர்’தான்.)

நான் பார்ப்பது இப்போது இவற்றை: பதிலுக்கு முன் கேள்வி கேட்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா, சொன்ன நேரத்தில் திரும்பி வருகிறாரா, தவறைத் தானே சொல்கிறாரா. முரட்டுத்தனமாகக் கேட்ட ஒருவருக்கு அவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதையும் தேடிப் பார்ப்பேன். சுயவிவரத்தில் இவை எதுவும் இருக்காது. குழுவில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அதே சமயம், எழுதவே எழுதாத நல்ல வேலைக்காரர்கள் ஏராளம். குழுவில் காணோம் என்பதற்காக ஒருவரைக் கழித்துவிட வேண்டாம்.

அப்படியென்றால் நேர்காணலே தேவையில்லையா?

தேவை. குழுவில் பார்த்தது நேர்காணலுக்கு அழைப்பதற்கான காரணம், அவ்வளவுதான். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், வாய்க்கு வந்தபடி பேசும் நேர்காணலைவிட நன்றாக ஆளைக் கணிக்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குழுவில் பழகியவரிடம் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது இன்னும் கடினம். பேச்சு அரட்டையாகிவிடும், ஒரு மணி நேரம் போனபின் ‘நல்ல மனிதர்’ என்பதைத் தவிர உங்கள் குறிப்பேட்டில் ஒன்றும் இருக்காது.

அதோடு ஒரு சோதனை வேலை கொடுங்கள். சம்பளத்தோடு. ஆட்டோமேட்டிக் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கூலி கொடுத்துச் சில வாரங்கள் சோதனை வேலை செய்யவைத்தே ஆள் எடுத்திருக்கிறது. மூன்று பேர் நிறுவனத்தால் அவ்வளவு முடியாது. இரண்டு மாலை நேரங்களில் முடியும் உண்மையான சிறு வேலை போதும். இலவசமாகச் செய்யச் சொல்வது தவறு என்பது ஒருபுறம். அது நாலு பேர் முன்னிலையில் தெரிந்துபோகும் என்பது மறுபுறம்: ‘இந்த நிறுவனம் சோதனை என்ற பெயரில் என்னிடம் வேலை வாங்கிக்கொண்டது’ என்று ஒருவர் குழுவில் எழுதினால், அடுத்த ஓராண்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் தலைகாட்ட முடியாது.

பங்கு எவ்வளவு கொடுப்பது? குழுவில் வந்தவருக்கு அது புரியுமா?

எவ்வளவு என்பதற்கு ஒரே விடை கிடையாது. எத்தனையாவது ஆள், எவ்வளவு சம்பளத்தை விட்டு வருகிறார், நிறுவனம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் புரியவைப்பது உங்கள் கடமை. இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள்:

1 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. அது ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. பரவலான வழக்கம் 4 ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாவது. முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது. 11ஆவது மாதத்தில் விலகினால் பூஜ்யம். 18ஆவது மாதத்தில் விலகினால் 48 மாதத்தில் 18 மாதம், அதாவது 0.375 சதவீதம். இடையில் நிறுவனம் இரண்டு முறை முதலீடு திரட்டி ஒவ்வொரு முறையும் 20 சதவீதத்தைப் புதியவர்களுக்குக் கொடுத்தால், 4 ஆண்டு முழுதும் இருந்தவரின் 1 சதவீதம் முதலில் 0.8, பிறகு 0.64 ஆகும். நிறுவனம் மூடப்பட்டால் இவை எல்லாமே வெறும் காகிதம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: நீங்கள் கொடுப்பது பங்காக இல்லாமல் பங்கு வாங்கும் உரிமையாக இருந்தால், வேலையை விட்டபின் அதை எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது. பல ஒப்பந்தங்களில் அது 90 நாள்தான், அதற்குக் கையிலிருந்து பணமும் கட்ட வேண்டும். வரிச்சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, அதை ஒரு கணக்காளரிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கைக் கேட்டு ஒருவர் பின்வாங்கினால் வருத்தப்படாதீர்கள். கேட்காமலே சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் தெரிந்துகொள்கிறவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

வேறு நிறுவனத்தில் வேலையில் இருக்கிறார். ‘மாலையில் செய்து தருகிறேன், பிறகு சேர்கிறேன்’ என்கிறார். சரியா?

அவருடைய இப்போதைய ஒப்பந்தத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பல ஒப்பந்தங்கள் வேறு வேலை செய்வதைத் தடுக்கும். சில, அவர் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரலுக்கும் பழைய நிறுவனமே உரிமை கோர இடம் கொடுக்கும். உங்கள் மென்பொருளின் ஒரு துண்டு இன்னொருவருக்குச் சொந்தம் என்று பின்னால் தெரியவந்தால், முதலீட்டாளரின் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடிக்கும் நேரம் மிக மோசமான நேரமாகத்தான் இருக்கும். அவர் பழைய அலுவலகத்தின் கணினியை இதற்குத் தொடவே கூடாது. உங்கள் பக்கத்திலும், செய்த வேலையின் உரிமை நிறுவனத்துக்கே என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளிலேயே கையெழுத்து வாங்குங்கள், நண்பர் என்றாலும்.

எல்லோரையும் ஒரே குழுவிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் ஒரே கருவி பிடிக்கும், ஒரே நகைச்சுவைக்குச் சிரிப்பார்கள், ஒரே தவறை ஒன்றாகச் செய்வார்கள். முதல் நிறுவனத்தில் எங்கள் முதல் ஐந்து பேரும் ஒரே நிரல்மொழிக் குழுவிலிருந்து வந்தவர்கள். பயனர்களோடு பேச வேண்டும் என்று 8 மாதம் யாருக்குமே தோன்றவில்லை; அந்தக் குழுவில் யாரும் பயனர்களைப் பற்றிப் பேசியதே இல்லை. நள்ளிரவில் களைகட்டும் குழுவில் குழந்தை வளர்க்கிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள் என்பதையும், கேலி அதிகமுள்ள குழுவிலிருந்து பெண்கள் முன்பே விலகியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நான்காவது ஆளுக்கு வேறு குழு, ஏழாவது ஆளுக்கு இன்னொன்று என்று இடம் மாற்றித் தேடுவதே எனக்குத் தெரிந்த மருந்து.

எடுக்காதவர்களுக்கு என்ன சொல்வது?

சொல்லுங்கள், அதுவே முதல் விஷயம். வேலைவாய்ப்புத் தளத்தில் வந்தவருக்குப் பதில் போடாவிட்டால் அவர் மறந்துவிடுவார். குழுவில் வந்தவர் நாளைக்கும் உங்கள் பதிவுக்கு எதிரில் இருப்பார். ஒரு வாரத்துக்குள், இரண்டு வரியில், உண்மைக் காரணத்தோடு எழுதுங்கள். யாரை எடுத்தோம், யாரை ஏன் கழித்தோம் என்பதைக் குழுவில் பேசக் கூடாது. நான் மறுத்த ஒருவர் ஒன்றரை ஆண்டு கழித்துத் தன் தோழியை எங்களுக்கு அனுப்பினார். அந்தத் தோழி இன்னமும் எங்களோடு இருக்கிறார்.

போலி ஆட்களை எப்படிக் கண்டுகொள்வது?

தொலைவிலிருந்து செய்யும் வேலைகளுக்கு, திருடிய அடையாளத்தையும் கணினியில் மாற்றிய முகத்தையும் குரலையும் வைத்து நேர்காணலுக்கு வருகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 ஜூனில் எச்சரித்தது. குழுவில் இரண்டு ஆண்டு பழைய பதிவுகள் உள்ளவர் இந்த வகையில் ஓரளவு பாதுகாப்பானவர். போன வாரம் முளைத்த கணக்கு அப்படியில்லை. எப்படியிருந்தாலும் காணொளி அழைப்பில் பேசுங்கள், அவரோடு முன்பு வேலை செய்த ஒருவரிடம் விசாரியுங்கள், முதல் மாதத்தில் வாடிக்கையாளர் தரவுக்கான சாவியைக் கொடுக்காதீர்கள்.

சந்தேகம் எதிர்ப்பக்கமும் இருக்கும். குழுக்களில் போலி வேலை காட்டிப் பணம் பறிக்கிறவர்கள் நிறைய. நீங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், நிறுவனத்தின் தளத்திலும் அதே அறிவிப்பு இருக்கட்டும், விண்ணப்பிக்கிறவரிடம் எந்தக் காரணத்துக்கும் பணமோ வங்கி விவரமோ கேட்காதீர்கள்.

சொந்தமாக ஒரு குழு தொடங்கினால் என்ன?

ஆள் எடுப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். நாலு பேர் பேசவைக்கவே ஓராண்டு ஆகும். உங்கள் பொருளுக்குப் பயனர்கள் இருந்து, அவர்களுக்கே ஓர் இடம் தேவைப்பட்டால் தொடங்குங்கள்.

நான் வேலை தேடுகிறவன். நிறுவனர்கள் கண்ணில் படுவது எப்படி?

உங்களுக்குத் தெரிந்த ஒரு கேள்விக்கு வாரம் ஒன்றாவது முழுமையாகப் பதில் எழுதுங்கள். நீங்கள் சிக்கிக்கொண்டு மீண்ட ஒரு பிழையை, மீண்ட வழியோடு எழுதி வையுங்கள். அழைப்பு வந்தால் கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, மொத்தப் பங்குகள் எத்தனை, உங்களுக்கு முன் யாராவது விலகினார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் விலகியவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். குழுவிலேயே இருப்பார்.

இந்த வழியை எப்போது விடுவது?

என் கணக்கில் பதினைந்து பேரைத் தாண்டும்போது. அப்போது மாதம் இரண்டு மூன்று பேர் தேவைப்படும். ஒருவரை 5 மாதம் கவனித்துவிட்டு எடுக்கிற பொறுமைக்கு இடம் இருக்காது. வேலைவாய்ப்புத் தளம், முகமை, ஆள் எடுப்பதற்கென்றே ஓர் ஊழியர் என்று செலவு செய்தாக வேண்டும். நிதி நிர்வாகம், சட்டம் போன்ற பொறுப்புகளுக்குப் பத்துப் பேருக்கு முன்னாலேயே வேறு வழி தேவைப்படலாம்; அந்தத் துறைக்காரர்கள் குழுக்களில் தங்கள் வேலையைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாது. நான் இப்போது ஆள் எடுப்பதில்லை, நிறுவனத்தில் அதற்கு வேறு ஒருவர் இருக்கிறார். அந்தத் தரவுத்தளக் குழுவில் மட்டும் காலையில் காபியோடு பத்து நிமிடம் படித்துக்கொண்டிருக்கிறேன்.